எதிர்த் தரப்பின் நாற்காலியில்

ஓசூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மாநில எல்லை என்பது தினமும் தாண்டும் சாலை. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களும், அங்கிருந்து இந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வருகிறவர்களும் ஒரே பஸ்ஸில் இடம் பிடிக்கிறார்கள். ஒரே வகுப்பறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு வீட்டுமொழிகள் இருப்பதை இங்கே யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. ஆனால் காவிரியில் தண்ணீர் குறைந்து தகராறு முற்றினால் இதே சாலையில் பஸ் நின்றுவிடுகிறது. அப்போது பிள்ளைகளின் காதில் விழுவதெல்லாம் ஒரு தரப்புப் பேச்சு மட்டுமே. மறு தரப்பு என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று கற்றுத்தர எந்தப் பாடவேளையும் கிடையாது. அப்படி ஒரு பாடவேளையை மாணவர்களே உண்டாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. உலகம் முழுவதும் பள்ளிகளில் பரவியிருக்கும் ‘மாதிரி ஐ.நா.’ என்ற ராஜதந்திர விவாத மன்றம்தான் அது. பெருநகரத்துப் பெரிய பள்ளிகளின் பெருமைக்குரிய நிகழ்ச்சியாக அறியப்பட்ட இந்த மன்றம் மிக அதிகம் பயன்படக்கூடிய இடம், ஓசூர்–கிருஷ்ணகிரி போன்ற எல்லை மண்தான் என்பது என் வாதம்.

முதலில் இந்த மன்றத்தில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு ஒதுக்கப்படும். அந்த நாட்டை அவரே தேர்ந்தெடுக்க முடியாமல் போவதுதான் பெரும்பாலும் வழக்கம். அகதிகள், அணு ஆயுதம், கடல் எல்லை, பருவநிலை என்று ஒரு பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மாணவர் அந்த நாட்டின் வரலாறு, வணிகம், கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், முன்பு ஐ.நா.வில் அளித்த வாக்குகள் எல்லாவற்றையும் படித்து, ஒன்றிரண்டு பக்கத்தில் அதன் நிலைப்பாட்டை எழுதித் தர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் பெயர்ப்பலகையை உயர்த்திப் பேச நேரம் கேட்பார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று அளந்து தரப்படும். மேடைப் பேச்சு அதோடு முடியும். அடுத்து வரும் இடைவேளையில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. இருக்கையை விட்டு எழுந்து, கூட்டம் கூட்டமாக நின்று, யார் எதற்கு ஒத்துவருவார், எதை விட்டுக்கொடுத்தால் யார் கையெழுத்துப் போடுவார் என்று பேசித் தீர்மான வரைவை எழுதுகிறார்கள். அதற்குத் திருத்தங்கள் வரும். கடைசியில் வாக்கெடுப்பு நடக்கும். பாதுகாப்பு அவை என்றால் 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும். வீட்டோ அதிகாரமுள்ள ஐந்து நாடுகளில் ஒன்று எதிர்த்துவிட்டாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

இந்தப் பயிற்சிக்கு நூறாண்டு வயது. ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920களில், அதன் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் மாதிரிக் கூட்டங்களை அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தினார்கள். 1945-ல் ஐ.நா. உருவானதும் அதே பயிற்சி புதுப் பெயர் பெற்றது. ஹார்வர்ட் மாணவர்களின் தேசிய மாதிரி ஐ.நா. 1955-லிருந்து நடக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968-ல் தொடங்கிய மாநாடு இதைப் பள்ளி மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது. இந்தியாவில் மும்பை, டெல்லி, டேராடூன் நகரங்களின் பெரிய பள்ளிகள் முன்னே போயின. 2011-ல் ஐ.ஐ.எம்.யு.என். என்ற அமைப்பு மும்பையில் தோன்றிய பிறகு மாநாடுகள் பல ஊர்களுக்கும் பெருகின. சென்னை, கோவை, பெங்களூருப் பள்ளிகளில் இன்று ‘எம்.யு.என்.’ என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்படாத பதினொன்றாம் வகுப்பு மாணவர் அரிது.

இத்தனை வேகமாக இது வளர்ந்ததற்குக் காரணம், நிர்வாகம் மாணவர் கையில் இருப்பது. பொதுச் செயலாளர், அவைத் தலைவர், செய்தி ஆசிரியர், வரவேற்புப் பொறுப்பாளர் எல்லோருமே மாணவர்கள். பதினாறு வயதுப் பெண் அவைத் தலைவர் இருக்கையில் அமர்ந்து, விதியை மீறிப் பேசும் தன் வகுப்புத் தோழனை நிறுத்துகிறாள். ஆசிரியர் இருப்பார், ஆனால் பின்வரிசையில் இருப்பார். பொதுவாக ஒரு மன்றம் வளரும் படிகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆர்வமுள்ள நான்கைந்து பேர் வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய்வருகிறார்கள். திரும்பி வந்து, பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறையில் பத்துப் பேரைச் சேர்த்து விதிகளைச் சொல்லித்தருகிறார்கள். அடுத்த ஆண்டு பள்ளிக்குள்ளேயே ஒரு நாள் மாநாடு நடக்கிறது. அதற்கடுத்து அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு அழைப்பு போகிறது. மூத்தவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது, ஒன்பதாம் வகுப்பில் தான் பழக்கிவிட்டவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். இந்தக் கைமாற்றம் நடந்த மன்றம் பத்தாண்டு நிற்கும். ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரை மட்டும் நம்பிய மன்றம், அவருக்கு மாறுதல் ஆணை வந்த அன்றே கலைந்துவிடும்.

பேச்சுக் கலை நமக்குப் புதிதல்ல. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த சமூகம் இது. பள்ளி இலக்கிய மன்றங்களில் பேசப் பழகியவர்களே பிறகு நம் அரசியல் மேடைகளை நிறைத்தார்கள். ஆனால் பட்டிமன்றத்தில் ஒரு நடுவர் உண்டு. இரண்டு அணிகளும் அவரையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் பேசுகின்றன. எதிரணி மனம் மாற வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. தீர்ப்பை நடுவர் சொல்லிவிடுவார். ராஜதந்திர மன்றத்தில் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. எதிரில் இருப்பவர் கை தூக்கினால்தான் தீர்மானம் நிறைவேறும். ஆகவே அவரை மட்டம்தட்டிக் கைதட்டல் வாங்குவதால் பயன் இல்லை. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும், அவர் ஊருக்குத் திரும்பிப்போய் எதைச் சொன்னால் அவர் மக்கள் ஏற்பார்கள் என்று யோசித்தாக வேண்டும். நம் பேச்சு மரபுக்கு இந்த மன்றம் தரக்கூடிய கொடை இதுதான். எதிர்த் தரப்பின் நியாயத்தை, அந்தத் தரப்பே ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாக எடுத்துச் சொல்லும் திறமையை அது வளர்க்கிறது.

அந்தத் திறமைக்கு ஓசூரில் ஏன் அதிகத் தேவை என்பதற்கு இந்த மண்ணின் வரலாறே சாட்சி. இந்த எல்லை உடன்படிக்கைகளாலும் போர்களாலும் பலமுறை எழுதி அழிக்கப்பட்டது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். 1799-ல் அவர் வீழ்ந்த பிறகுதான் ஓசூர்ப் பகுதி அவர்கள் கைக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, பல மொழி பேசும் ஓசூர் அன்றைய சென்னை மாநிலத்திலேயே இருந்தது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ல் தருமபுரி பிரிந்தது. அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி. 1970களில் சிப்காட் வளாகம் வந்தது. பிறகு டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். எல்லாம் இங்கே ஆலை அமைத்தன. பெங்களூருக்குப் பக்கம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் என்பதே இந்த ஊரின் பலம். எல்லை மூடினால் முதலில் அடிபடுவதும் இதே ஊர்தான். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிக்கப்பட்டன. இரு மாநிலப் பஸ்களும் எல்லையில் நின்றுபோயின. மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் பயணிகள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே கடந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் மாணவர் மன்றம் எதை விவாதிக்கலாம்? தென்பெண்ணை ஆற்றை எடுத்துக்கொள்வோம். நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு அது. அதன் துணை ஆறான மார்கண்டேய நதியின் குறுக்கே, கோலார் மாவட்டம் யார்கோள் அருகே, கர்நாடகம் ஓர் அணை கட்டியது. தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 14 அன்று தமிழகத்தின் இடைக்கால மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், தீர்ப்பாயம் அமைக்கும்படி மத்திய அரசிடம் கோரலாம் என்றது. இந்த வழக்கில் தமிழகத்தின் வாதம் இந்தப் பக்கத்து மாணவருக்கு ஓரளவு தெரியும். மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892-ல் ஏற்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கீழ்ப்பகுதியின் சம்மதம் இல்லாமல் மேலே புதிய அணை கட்டக் கூடாது. 1957-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையை நம்பிச் சுமார் 9,000 ஏக்கர் பாசனம் நடக்கிறது.

இப்போது அதே மாணவரிடம் கர்நாடகத்தின் பெயர்ப்பலகையைக் கொடுத்துப் பாருங்கள். கோலாரைப் பற்றி அவர் படித்தாக வேண்டும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் அது. நிலத்தடி நீர் எங்கேயோ ஆழத்தில். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொண்டுபோய் ஏரிகளை நிரப்பும் நிலைமை. யார்கோள் அணையின் கொள்ளளவு அரை டி.எம்.சி. அளவுதான், அதுவும் கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் நகரங்களின் குடிநீருக்கு என்கிறது கர்நாடகம். இதையெல்லாம் தன் வாயால் சொன்ன மாணவர் தமிழகத்தின் உரிமையை விட்டுவிட மாட்டார். ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் கூர்மையாகும். குடிநீருக்கு எடுப்பது எவ்வளவு என்று யார் அளப்பது? வறட்சி ஆண்டில் பங்கீடு எப்படி? பெங்களூரின் கழிவு கலந்து கெலவரப்பள்ளியில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குகிறதே, அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தரத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டாமா? வெறும் கோஷத்திலிருந்து இந்தக் கேள்விகள் பிறப்பதில்லை. தீர்மான வரைவு எழுத உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் கையெழுத்து வேண்டும் என்ற நெருக்கடி வரும்போதுதான் பிறக்கின்றன.

இன்னும் எத்தனையோ பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்தின் சலுகை ஒப்பந்தமோ, 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் போட்டியாக இன்னொன்று வருவதைக் கட்டுப்படுத்துகிறது. பொம்மசந்திரா வரை வந்துவிட்ட மெட்ரோ ரயிலை ஓசூருக்கு நீட்டும் யோசனைக்கு ஆதரவும் இருக்கிறது, கர்நாடக அமைப்புகளின் எதிர்ப்பும் இருக்கிறது. பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி காடுகளுக்கு வரும் யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் இரு பக்கத்து விவசாயியும் ஒரே பயத்தோடு இரவுக் காவல் இருக்கிறார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இன்னொரு முழுப் பாடம். ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு வந்த திட்டம் அது. 2008-ல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியபோது, அங்கே தேர்தல் முடிந்து புதிய அரசு வரும்வரை பொறுத்திருப்போம் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி முடிவெடுத்தார். அந்த முடிவு அன்று கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. ஆனாலும் திட்டம் கைவிடப்படாமல், 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. காத்திருந்தது பலவீனமா, நிதானமா என்று ஒரு மன்றம் நாள் முழுக்க விவாதிக்கலாம்.

‘உள்ளூர்த் தகராறை வகுப்பறைக்குள் கொண்டுவருவது ஆபத்தில்லையா?’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். பெற்றோர் ஒருவர் புகார் செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். இதற்கு வழி, தூரத்துப் பிரச்சினையிலிருந்து பக்கத்துப் பிரச்சினைக்குப் படிப்படியாக வருவது. முதலாண்டு நைல் நதியில் எத்தியோப்பியா கட்டிய அணையைப் பற்றி எகிப்தும் எத்தியோப்பியாவுமாக உட்கார்ந்து பேசட்டும். சிந்து நதி நீருக்காக 1960-ல் உலக வங்கி நடுவில் இருக்க இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் அது இன்று சந்திக்கும் நெருக்கடியையும் படிக்கட்டும். மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்ற வாதங்களின் இலக்கணம் அங்கே பிடிபட்ட பிறகு தென்பெண்ணைக்கும் காவிரிக்கும் வரலாம். அப்போதும் இரண்டு விதிகள் வேண்டும். ஆவணத்தில் இல்லாததை யாரும் பேசக் கூடாது. எந்த மாணவரும் தன் வீட்டுத் தரப்பை எடுக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் ஆத்திரத்துக்கு இடம் குறைந்து, படிப்புக்கு இடம் வந்துவிடும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. இது பணக்காரப் பிள்ளைகளின் ஆங்கில விளையாட்டு என்பது. இதில் உண்மை இருக்கிறது. பெருநகர மாநாடுகளில் பிரதிநிதிக் கட்டணம், கோட்டு, ஹோட்டல் அறை என்று செலவு ஏறுகிறது. சரளமான ஆங்கிலம் இல்லாதவர் பேச எழுவதற்கே கூசுகிறார். ஆனால் இவை எதுவும் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி அல்ல. ஐ.நா.விலேயே ஆறு மொழிகள் அலுவல் மொழிகள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அங்கே அவை நகராது. ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தமிழ் வழியோடு தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. தமிழில் ஒருவர் பேச, கன்னடத்தில் ஒருவர் மொழிபெயர்க்க, தெலுங்கில் பதில் வருகிற ஓர் அவையைப் பெருநகரத்துப் பள்ளிகள் நினைத்தாலும் நடத்த முடியாது. இங்கே முடியும். சென்னை மாணவர் ஆங்கிலத்தில் காட்டும் தேர்ச்சியைவிட, இரண்டு மொழிக்கு நடுவே நின்று அர்த்தம் சிதையாமல் எடுத்துச் சொல்லும் ஓசூர்ப் பிள்ளையின் தேர்ச்சி ராஜதந்திரத்துக்கு நெருக்கமானது. செலவுக்கு வந்தால், அட்டையில் எழுதிய பெயர்ப்பலகை, நாளிதழ்கள், ஒரு கணினி, ஒரு சனிக்கிழமை, இவை போதும். அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்படம், வானவில் மன்றம் என்று ஏற்கனவே ஏற்பாடு இருக்கிறது. அந்த வரிசையில் இன்னொன்றாக இதைச் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

மதிப்பெண் போய்விடும் என்ற கவலை பெற்றோருடையது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் பொதுத் தேர்வு என்பதால், அந்த மாணவர்களை மன்றம் தொந்தரவு செய்யக் கூடாது என்பது சரி. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றும் பொறுப்பேற்க, மாநாட்டைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மதிப்பெண்ணுக்கு இது உதவும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகும் இடம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பல மாநிலத் தொழிலாளர், வெளிநாட்டு வாடிக்கையாளர், தொழிற்சங்கம், நிர்வாகம், அரசு அதிகாரிகள் என்று பல தரப்பு ஒரே மேசையில் உட்காரும் தொழில் நகரம் இது. ஊதிய ஒப்பந்தப் பேச்சு ஒன்றில் இரு பக்கத்துத் தேவைகளையும் ஒரு காகிதத்தில் எழுதத் தெரிந்தவருக்கு இருக்கும் மதிப்பை எந்தத் தொழிற்சங்கத் தலைவரும், எந்த மனிதவள அதிகாரியும் சொல்வார்.

‘நம்பாத ஒன்றைப் பேசப் பழக்கினால் பிள்ளைகள் போலிகளாக மாட்டார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் எதிர்த் தரப்பாகப் பேசிப் பரிசு வாங்கிப் போவதோடு நின்றால் அந்த ஆபத்து இருக்கிறது. ‘சிறந்த பிரதிநிதி’ விருதுக்காக உரக்கக் கத்துகிறவர்களும், பிறர் எழுதிய வரைவைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களும் மாதிரி ஐ.நா. மாநாடுகளின் பழைய நோய். அதற்கு மருந்து, விருதைப் பேச்சுக்குத் தராமல் தீர்மானத்துக்குத் தருவது. எதிர் முகாமிலிருந்து அதிக ஆதரவு பெற்ற வரைவுக்கு முதல் மரியாதை செய்வது. மற்றபடி, எதிர்த் தரப்பைப் புரிந்துகொள்வதும் அதற்கு விலைபோவதும் வேறு வேறு. இதற்கு இந்த மண்ணின் மைந்தர் ஒருவரே எடுத்துக்காட்டு.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் மேல்படிப்பும் முடித்தவர். 1942-ல் முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் காங்கிரஸ் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லி, தன் கட்சிக்குள்ளேயே தனித்து நின்றார். கட்சியை விட்டு விலகவும் நேர்ந்தது. 1944-ல் அவர் வகுத்த சமரசத் திட்டத்தின் அடிப்படையில்தான் காந்தி ஜின்னாவோடு பேசினார். அந்தப் பேச்சு தோற்றது. ராஜாஜியின் முடிவுகளை ஏற்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் எதிர்த் தரப்பின் மனத்தை அறிந்து பேசியதால் அவர் போலியாகிவிடவில்லை. 1962 செப்டம்பர் 28 அன்று, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அணு ஆயுதச் சோதனையை நிறுத்தும்படி அதிபர் கென்னடியிடம் வாதாடினார். உடன் போனவர்கள் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும்; இருவருமே கன்னட நாட்டவர்கள். வல்லரசுகள் அடுத்த ஆகஸ்டில் சோதனைகளைப் பகுதியளவில் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்கு இந்தத் தூதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லைக் கிராமத்தில் பிறந்த ஒருவர் உலகத்தின் கவலையைத் தன் கவலையாக்கி, கன்னட நண்பர்களோடு போய்ப் பேசினார் என்பதை ஓசூர் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கடைசியாக ஒரு சந்தேகம்: ஐ.நா.வே போர்களை நிறுத்த முடியாமல் தவிக்கிறது. காவிரியைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும்தான் பங்கிட்டன. பிள்ளைகளின் பேச்சால் என்ன ஆகும்? காவிரிக் கணக்கைப் பார்ப்போம். தீர்ப்பாயம் 1990-ல் அமைந்து, இறுதித் தீர்ப்பு 2007-ல் வந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தமிழகத்துக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. அது அளக்கப்படும் இடம் அஞ்செட்டிக்கு அப்பால் உள்ள பிலிகுண்டுலு. இத்தனைக்குப் பிறகும் மழை பொய்த்த ஆண்டில் தகராறு திரும்புகிறது. வழக்கு உரிமையை வரையறுக்கும். பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தைத் தராது. அதை உணர்ந்த சிலர் 2003-ல் ஒரு முயற்சி செய்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்னின்று, இரு மாநில விவசாயிகளையும் ‘காவிரிக் குடும்பம்’ என்ற பெயரில் ஒன்றாக உட்காரவைத்தார். டெல்டா விவசாயிகள் கர்நாடகத்துக்குப் போனார்கள். அங்கிருந்து விவசாயிகள் டெல்டாவுக்கு வந்து வயலைப் பார்த்தார்கள். இறுதித் தீர்வு அந்தக் குடும்பத்திலிருந்து வரவில்லை. ஆனால் ஒருவர் கஷ்டத்தை மற்றவர் நேரில் பார்த்துப் பேசிய அந்தக் காரியத்தைச் செய்ய, நாற்பது ஐம்பது வயதுவரை வயலில் கழித்த மனிதர்களுக்கு வெளியிலிருந்து ஒருவர் வழி செய்ய வேண்டியிருந்தது. பதினாலு வயதிலேயே அது பழகியிருந்தால், அடுத்த தலைமுறையின் பொதுப்பணித்துறைப் பொறியாளரும் வழக்கறிஞரும் நிருபரும் விவசாய சங்கத் தலைவரும் வேறு மாதிரி பேசத் தொடங்குவார்கள்.

ஆகவே ஒரு மாணவர் மன்றம் வளர்ந்திருக்கிறதா என்று அளக்க, அது வாங்கிய கோப்பைகளையும் கூட்டிய கூட்டத்தையும் எண்ண வேண்டாம். மூன்றைக் கேட்டால் போதும். தன் தரப்பு தோற்கும்போதும் எதிர்த் தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் எடுத்துச் சொல்ல எத்தனை பேருக்குத் தெரிகிறது? இந்த ஆண்டு நடத்தியவர்கள் போன பிறகு அடுத்த ஆண்டு நடத்த ஆள் தயாரா? ஆங்கிலம் வராத பிள்ளைக்கும் அங்கே ஒரு பெயர்ப்பலகை இருக்கிறதா? ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிகள் ஒரு படி மேலே போய், ஆனேக்கல், மாலூர், கோலார்ப் பள்ளிகளை அழைத்து ஒரு கூட்டு மாநாடு நடத்தலாம். பொருள் தென்பெண்ணை. தமிழகப் பள்ளிகள் கர்நாடகத்தின் தரப்பை எடுக்கட்டும். கர்நாடகப் பள்ளிகள் தமிழகத்தின் தரப்பை எடுக்கட்டும். இரு மொழியிலும் தீர்மானம் எழுதப்படட்டும். தலைமையாசிரியர் ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் போதும். மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் குறைவான அடுத்த ஆண்டு எப்படியும் வரும். அதற்குள் இரு பக்கத்திலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சில நூறு மாணவர்கள் இருந்தாக வேண்டும்.